பாக்கெட் எங்கே விழுகிறது?

எலக்ட்ரானிக் சிட்டியில் சர்வர் பார்க்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். விஎம்முக்கு நெட்வொர்க் இல்லையென்றதும் ரீபூட் செய்யாதீர்கள், தடயம் அழிந்துவிடும். முதலில் டிசிபிடம்ப். விஎம்மின் டாப் இடைமுகத்தில் பிங் தெரிந்து, சர்வரின் நெட்வொர்க் கார்டில் தெரியாவிட்டால், நடுவிலிருக்கும் பிரிட்ஜில்தான் விழுகிறது.

ஏஆர்பி மட்டும் போய்வருகிறதா? அப்படியானால் ஐபிடேபிள்ஸைத்தான் சந்தேகிப்பேன். அதே சர்வரில் டாக்கர் இருக்கிறதா பாருங்கள். 2017இல் வந்த 1.13 பதிப்பு முதல், ஐபி ஃபார்வர்டிங்கை டாக்கரே இயக்கினால் ஃபார்வர்ட் சங்கிலியின் இயல்பு நிலையை டிராப் ஆக்கிவிடும். பாதுகாப்புக்காகச் செய்தது, நியாயமானதுதான். ஆனால் பிஆர்-நெட்ஃபில்டர் ஏறியிருந்தால் விஎம்களின் பிரிட்ஜ் போக்குவரத்தும் அதில் சிக்கும். டாக்கர்-யூசர் சங்கிலியில் அந்த பிரிட்ஜுக்கு ஓர் அனுமதி விதி சேர்த்தால் போதும். ரீபூட்டுக்குப் பிறகும் அது நிற்கும்படி சேமித்துவிடுங்கள்.