லட்சுமி சமாதி பக்கத்தில்

ரமணாசிரமத்தில், 1948ல் இறந்த பசு லட்சுமியின் சமாதி பக்கத்தில் மகளோட உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு எட்டாம் மாசம். ஸ்கேன்ல குழந்தை பெருசுன்னு சொன்னதிலிருந்து தூக்கமில்லை.

"அப்பா, நம்ம செவலைக்கு ஆனமாதிரி ஆயிடுமா?"

பெரிய கன்னு சிக்கி, என் கண் முன்னாடியே செத்த மாடு செவலை. எனக்குப் பதில் வரலை.

மறுநாள் டாக்டரம்மாகிட்ட கேட்டேன். ஸ்கேன் எடை உத்தேசக் கணக்குதானாம். நூத்துக்குப் பத்து, பதினைஞ்சு கூடக்குறைய இருக்குமாம். சர்க்கரை ஏறினா குழந்தை பெருக்கும். 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு 2 மணி நேரம் கழிச்சுப் பார்த்ததில் இவளுக்கு 118, 140க்குள்ளதான். 4 கிலோ குழந்தையும் சுகப்பிரசவம் ஆகுது, முடியலைன்னா ஆபரேஷன் இருக்குன்னாங்க.

"செவலைக்கு அந்த ராத்திரி டாக்டர் கிடைக்கலை. உனக்கு இருக்காங்க கண்ணு"ன்னேன்.

அன்னைக்கு அவ தூங்கிட்டா. 108க்குப் போன் போடணுமேன்னு, நான்தான் செல்லைத் தலைமாட்டுல வச்சு முழிச்சிருந்தேன்.