உரியவர் அறியப்படாத மழையங்கி

1974 ஆம் ஆண்டில் கோலாலம்பூர் டேவான் பகாசா டான் புஸ்தாகாவின் எழுத்தாளர் மூலையில் நடந்த கலைக்காட்சிக்குச் சென்றோர், ஓவியம் ஒன்றையும் அங்குக் கண்டிலர். வெறுங்கூண்டு, ஆளில்லா நாற்காலி, தீட்டப்படாத ஓவியத்துணி, எரிந்து முடிந்த கொசுவர்த்திச் சுருள்கள், முடிதிருத்தகத்தில் திரட்டிய மயிர், பாதி பருகிய கோக்கோ கோலா புட்டிகள் ஆகியனவே இருந்தன. ரெட்சா பியதாசா, சுலைமான் ஈசா என்னும் இருவர் அவற்றைக் கலையென முன்வைத்தனர்.

பொருளை இடத்தில் நிற்கும் உருவமாகக் காண்பது மேலைநாட்டுப் பார்வை. காலத்தில் நிகழும் நிகழ்ச்சியாகக் காண்பதே கீழைநாட்டு மரபு என்பது அவர்தம் கொள்கை. சென், தாவோ நெறிகளை அதற்குத் துணையாகக் கொண்டனர். ஆகவே குறிப்புச் சீட்டுகள் நேரத்தைத் துல்லியமாகக் கூறின. கூண்டிலிருந்து பறவை விடுவிக்கப்பட்டது 1974 சூன் 10, திங்கட்கிழமை, பிற்பகல் 2.46 மணிக்கு.

1958 இல் பாரிசில் ஈவ் கிளைன் காட்சிக்கூடத்தையே வெறுமையாக்கிக் காட்டினார். இவர்களோ ஏதோ ஒன்று நீங்கிச் சென்ற பொருள்களைக் காட்டினர். இவ்வேறுபாடு சிறிதன்று. வெறுமையை வழிபடுதல் தமிழர்க்குப் புதிதுமன்று. தில்லையில் திரை விலகினால் திருமேனி இல்லை. வெளியில் பொன் வில்வமாலைகளே தொங்கும். ஆயினும் அங்கு நிற்கும் அடியவர்க்குச் சீட்டு வேண்டுவதில்லை. கோலாலம்பூரில் சீட்டை எடுத்துவிட்டால் கூண்டு வெறுங்கூண்டே. சொல்லே அங்குக் கலைப்பணி முழுவதையும் செய்தது. தமிழில் 'பொருள்' என்னும் ஒரே சொல் பண்டத்தையும் அதன் கருத்தையும் குறிக்கும். அவ்விரண்டையும் பிணைக்க அக்கலைஞர்க்கு நெடிய கொள்கை அறிக்கை தேவைப்பட்டது!

அவ்வறிக்கையின் மீதுதான் கவிஞர் சாலே பென் ஜோனெட் திறப்பு நாளன்று சிறுநீர் கழித்தார். அச்செயலை மாணவர் முன் போற்றுதல் இயலாது. எனினும் 1975 இல் டேவான் சாஸ்தராவில் அவர் எழுதிய விளக்கத்தைப் படியாது அவரை வெறும் குறும்பர் எனத் தள்ளுவதும் முறையன்று.

அனைத்தினும் நெஞ்சில் நிற்பது ஒரு மழையங்கி. 1974 சனவரி 13, ஞாயிறு, பிற்பகல் 4.23 மணிக்குக் கிள்ளான் குப்பைமேடு ஒன்றில் அது கிடைத்தது. யாரோ ஒருவருக்கு உரியதாக இருந்திருக்க வேண்டும் என்கிறது சீட்டு. தோட்டத் தொழிலாளியா, துறைமுகக் கூலியா, மிதிவண்டியில் வேலைக்குச் சென்ற தாயா? கண்டெடுத்த நிமிடம் பதிவாகியுள்ளது. மழையில் அதை அணிந்தவர் பெயர் பதிவாகவில்லை.