குளிர்காலம் இல்லாத ஊரின் பூனைகள்

ஜேர்மனியில் நான் வசிக்கும் ஹம் நகரத்துக்கு அதிக தூரமில்லை, பாடர்போர்ன். 2008இல் அந்த நகரம் ஒரு விதி கொண்டுவந்தது. ஐந்து மாதம் கடந்த பூனையை வெளியே உலவ விடுகிறவர்கள் அதற்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்திருக்க வேண்டும். யாருடைய பூனை என்று தெரிய அடையாளமும் இட்டிருக்க வேண்டும். இந்த நாட்டில் முதன்முதலில் அப்படிச் செய்த நகரம் அதுதான். 2013இல் மிருகப் பாதுகாப்புச் சட்டமே திருத்தப்பட்டு, மற்ற ஊர்களுக்கும் வழி திறந்தது.

எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்கும். “வாயில்லாச் சீவன், அதுக்கு ஏன் இந்தப் பாவம்?” என்பார்கள்.

திருகோணமலையில் பெரியம்மாவும் அதையேதான் சொன்னார். துறைமுகத்துக்குக் கிட்ட அவருடைய வீடு. செல்லம் அவருடைய பூனை. “செல்லம் திரும்பவும் குட்டி போடப்போகுது பிள்ளை” என்றார். போன ஈற்றுக் குட்டிகள் எங்கே என்று கேட்டேன். “சந்தையடியில விட்டாச்சு. அங்க மீனுக்குக் குறைவில்லைத்தானே.”

பெரியம்மா ஈரமில்லாதவர் அல்ல. தான் சாப்பிடுமுன் பூனைக்குச் சோறு வைப்பவர். ஊரும் அப்படித்தான்: புள்ளிமான்கள் தெருவில் நடந்து திரிய விட்டுக்கொடுக்கிற ஊர். ஆனால் தாய்ப்பால் மறக்காத குட்டிக்குச் சந்தையில் எறியும் மீன்தலை எட்டாது. பெரிய கடுவன்களும் நாய்களும் காகங்களும் முந்திவிடும். லொறிச் சில்லுக்குக் குட்டி என்று தெரியாது. பாவம் என்று ஒன்று இருந்தால் அது சாக்குக்குள் குட்டிகளைக் கட்டிக் கொண்டுபோகும் அந்தப் பயணத்தில் இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சத்திரசிகிச்சையில் இல்லை. இதைப் பெரியம்மாவிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப குட்டிகள் பால் மறந்ததும் செல்லத்தை வைத்தியரிட்டக் கூட்டிக்கொண்டு போவம்” என்றார்.

பூனையின் உடம்பு பகல் வெளிச்சத்தைப் பார்த்து நடக்கிறது. பகல் நீண்டால் பெட்டை சினைப்பருவத்துக்கு வரும், குறுகினால் அடங்கும். ஹம்மில் மார்கழி மாதம் மாலை நாலரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். வருடத்தில் சில மாதமாவது பெட்டைக்கு ஓய்வு உண்டு. திருகோணமலை பூமத்தியரேகைக்கு எட்டரைப் பாகை வடக்கே இருக்கிறது. அங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். ஆகையால் பூனை வருடம் முழுக்கக் குட்டி போடும். சினைக்காலம் ஒன்பது கிழமை. முன் ஈற்றுக் குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினைப்படலாம். நான்கைந்து மாதக் குட்டியே சினைப்பட்டுவிடலாம். குளிர்காலம் பாதி வேலையைச் செய்துகொடுக்கும் நாடே சட்டம் போட்டிருக்கும்போது, மீனும் வெயிலும் குறையாத துறைமுக ஊருக்குக் கருத்தடை இன்னும் எவ்வளவு அவசியம்!

ஓயாமல் குட்டி போடும் செல்லத்தைப் போன்ற பெட்டைகளுக்கு முதுகெலும்பு தெரியும், மடி மட்டும் தொங்கும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் அதில் சீழ் கட்டி உயிரைக் குடிக்கும் நோய்க்கு இடமில்லை. ஆறு மாத வயதுக்கு முன் சத்திரசிகிச்சை செய்தால் மடிப் புற்று வரும் ஆபத்து ஏறக்குறைய 90 வீதம் குறைகிறது. பூனைகளுக்கு வரும் மடிக்கட்டி பெரும்பாலும் கொடியது. வயது ஏற ஏற இந்த நன்மை கரைந்துபோகும். “ஒருக்காலாவது தாயாகட்டும்” என்று காத்திருப்பதால் பூனைக்கு எதுவும் கிடைப்பதில்லை. கடுவனுக்குச் செய்தால் ஊர் சுற்றலும் சண்டையும் குறையும். கடிகாயத்தால் பரவி நோயெதிர்ப்புச் சக்தியை அழிக்கும் வைரசும் அதோடு குறையும். சுவரெல்லாம் மூத்திரம் பீச்சுவதும் பெரும்பாலும் நிற்கும். செய்தபின் உடம்பு வைக்கும் என்பது உண்மை. சோற்றை அளந்து வைத்தால் போதும்.

புலம்பெயர்ந்த நாங்கள் ஊர்ச்சங்கங்களில் கோயில் திருவிழாவுக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் காசு சேர்க்கிறோம். அதில் ஒரு பங்கை ஒரு மிருக வைத்தியரின் வேலைக்கும் மயக்க மருந்துக்கும் ஒதுக்கலாம். திருகோணமலையில் சந்தையடியிலும் திருக்கடலூர்ப் பக்கமும் பூனைகளைப் பிடித்து, சத்திரசிகிச்சை செய்து, விசர்நோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம். மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட வேண்டும். அடுத்த தடவை வருகிறவர்கள் தூரத்திலிருந்தே அதைக் கண்டு, செய்யாத பூனையைத் தேடிப் போவார்கள்.