இடைவெளி விளைத்த பிழை

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்வோர்க்கு உப்புக்காற்றின் இயல்பு தெரியும். இரும்பைத் தின்னும் அக்காற்று ஒளிப்படங்களையும் விட்டுவைப்பதில்லை. 1957 ஆம் ஆண்டு பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளிக்கும்வரை அங்கே தொழில் பார்த்த ஒருவரின் பெட்டியில் எஞ்சிய படங்களை, அவர்தம் பேரன் கணினியில் ஏற்ற முனைந்தமைக்கு அதுவே காரணம்.

வெளிநாட்டு உறவினர்க்கு அனுப்புவதற்காகப் படங்களின் அளவைப் பாதியாக்க வேண்டியிருந்தது. அதற்கென ஷெல் மொழியில் ஒரு சுழற்சியை அவன் எழுதினான். எல்எஸ் கட்டளை தரும் பட்டியலிலிருந்து பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, இமேஜ்மேஜிக் மென்பொருளின் மொக்ரிஃபை கட்டளையிடம் ஒப்படைப்பதே அதன் பணி. மொக்ரிஃபையோ, வேறிடம் குறிப்பிடாவிடின், மூலக்கோப்பின் மேலேயே எழுதிவிடும்.

சுழற்சி முடிந்தபோது திரையில் 'கோப்பு இல்லை' என்னும் செய்திகள் நிரம்பியிருந்தன. 'துறைமுகம் 1956', 'கோணேசர் மலை 1956', 'வீடு 1956' ஆகிய மூன்றும் மாறவேயில்லை. வெறுமனே '1956' எனப் பெயரிட்ட படமோ 3200 புள்ளி அகலத்திலிருந்து 200 புள்ளிக்குச் சுருங்கியிருந்தது. அது அப்பாச்சியின் மணக்கோலப் படம்.

அவன் அளவு மாற்றும் கட்டளையை நீக்கி, அவ்விடத்தில் எக்கோ கட்டளையை இட்டான். பெயர்கள் துண்டு துண்டாகத் திரையில் விழுந்தன. ஸ்டீபன் போர்ன் எழுதி, 1979 இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த ஷெல்லின் வழிவந்தவை, இத்தகைய பட்டியலில் இடைவெளியைச் சொற்களின் எல்லையாகவே கொள்ளும். 'வீடு' ஒரு சொல், '1956' மற்றொரு சொல். முதற்சொல்லின் பெயரில் கோப்பு இல்லை. இரண்டாவதன் பெயரில் இருந்தது. ஆகவே மூன்று படங்களின் பொருட்டு மூன்று முறையும், தன் பொருட்டு ஒரு முறையுமாக அப்படம் நான்கு தடவை பாதியாக்கப்பட்டது. கணினி பணிந்தே நடந்தது. கேட்ட சொல் வேறு.

திருத்தம் எளிது. எல்எஸ் பட்டியலை விடுத்து, நட்சத்திரக் குறியினாற் கோப்புகளை நேரே சுட்டல்; மாறியை இரட்டை மேற்கோட் குறிக்குள் இடல்; பயன்படுகோப்பை வேறு கோப்புறையில் எழுதல். மூன்றையும் செய்தபின் ஏனைய படங்கள் யாவும் ஒழுங்காக அமைந்தன.

ஆனால் மணக்கோலப் படத்தின் மூலம், சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்து, பிரதியெடுத்த மறுநாள் உரித்தெடுக்கையில் முகப்பகுதி கிழிந்துபோயிற்று. எஞ்சியது 200 புள்ளி அகலப் படமே. அதில் கூறைச்சேலையின் கரை தெரிகிறது, கண்கள் தெரியவில்லை. இப்போது அவன் எந்தச் சுழற்சியை ஓட்டுமுன்னும் முழுக் கோப்புறையையும் வேறொரு தட்டிற் படியெடுத்து வைக்கிறான்.