'தெரிஞ்ச முகமே இருக்கக் கூடாது' என்றாள் தோழி... மாமல்லபுரத்தில் நடந்ததோ வேறு!

வெளியூர் போன இடத்தில் யாராவது தெரிந்தவர் எதிரில் வந்தால் நம்மவர்கள் உடனே சொல்லும் வசனம், "உலகம் ரொம்பச் சின்னதுங்க!" போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே நாளில் மூன்று தடவை இதைக் கேட்டேன். அதுவும், இதைக் கேட்கவே கூடாது என்று வந்திருந்த ஒருத்தியோடு!

அவள் என் தோழி. இதழியல் டிப்ளமோவில் ஒரே பெஞ்ச், ஹாஸ்டலில் ஒரே ரூம். இப்போது சொந்த ஊரான திருநெல்வேலியில் வேலை. பெயர் போடக் கூடாது என்பது அவள் நிபந்தனை. பத்திரிகை அடிக்க வேண்டிய நேரத்தில் அவள் கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் கேட்ட பட்டியல் வாரத்துக்கு வாரம் நீண்டதில், 'இந்தச் சம்பந்தமே வேண்டாம்' என்று சொன்னவள் அவள்தான். ஆனால், தெருவுக்கு அந்த விவரமெல்லாம் எதற்கு? காலையில் பால் வாங்கப் போனால்கூட ஒரு 'ஐயோ பாவம்' பார்வை.

"ரெண்டு நாள் வாரேன். தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இல்லாத இடமாப் பார்த்துக் கூட்டிட்டுப் போ" என்றாள் போனில்.

சென்னைக்குள் திருநெல்வேலிக்காரர்கள் இல்லாத இடத்தை எங்கே தேடுவது? மாமல்லபுரம் என்று முடிவு செய்தேன்.

நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து தாம்பரத்தில் இறங்கினாள். அங்கிருந்தே பஸ் பிடித்தோம். உட்கார்ந்ததும், "ஏட்டி, ஜன்னலைத் திற" என்றாள். முன் சீட்டு அம்மா சடாரென்று திரும்பினார். "திருநெல்வேலியாம்மா?" முடிந்தது கதை! 'ஏட்டி' என்ற ஒரு சொல் போதும், ஆதார் அட்டையே தேவையில்லை. அந்த அம்மாவுக்குப் பாளையங்கோட்டையாம். வண்டலூரில் இறங்கும்வரை ஊர்க்கதை ஓடியது. நல்லவேளை, தோழி வீட்டைத் தெரியவில்லை.

அவள் முகம் வாடிவிட்டது. நான் படித்த ஒரு கணக்கைச் சொல்லித் தேற்றினேன். 23 பேர் இருக்கும் அறையில், யாராவது இருவருக்கு ஒரே தேதியில் பிறந்தநாள் வர பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. 50 பேர் இருக்கும் பஸ் என்றால் அது 97 சதவிகிதம்! 'என்னோடு ஒத்துப்போகிறவர் இருக்கிறாரா' என்று தேடினால்தான் அபூர்வம். யாரோ இருவர் ஒத்துப்போவது சர்வ சாதாரணம்.

"கணக்கு பீரியட் எடுக்கத்தான் கூப்பிட்டியா?" என்றாள்.

முதலில் வெண்ணெய் உருண்டைப் பாறை. சரிவில் உருண்டுவிடுவதுபோல நிற்கும் அந்தப் பாறை சுமார் 250 டன் எடை. 1908-ல் மதராஸ் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தும் அசையவில்லை என்று சொல்வார்கள். அதைத் தாங்கிப்பிடிப்பதுபோல போட்டோ எடுக்க ஒரு பெரிய க்யூ. ஓசூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் எங்களிடம் போனைக் கொடுத்தது. அவர்களை நான் எடுத்தேன், எங்களை அவர் எடுத்தார். அரை மணி நேரத்தில் அர்ஜுனன் தபசு முன்னால் அதே குடும்பம். ஐந்து ரதத்தில் கல் யானைக்குப் பக்கத்தில் மறுபடியும் அவர்களே. சிவப்புத் தொப்பி போட்ட அவர்கள் பையன், "அம்மா, போட்டோ அக்கா!" என்று கத்தினான். "உலகம் ரொம்பச் சின்னதுங்க" என்றார் அப்பா. உலகம் சின்னதில்லை சார், மாமல்லபுரம் சின்னது. ஐந்து ரதத்துக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் ஒரே டிக்கெட், எல்லோருக்கும் ஒரே வழி. சந்திக்காமல் இருந்தால்தான் ஆச்சர்யம்!

அர்ஜுனன் தபசில் ஒரு பூனை இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? பெரிய யானையின் காலடிப் பக்கம், முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும். எலிகள் சுற்றி நின்று கும்பிடும். தோழி அதையே உற்றுப்பார்த்தாள். "இவரை எனக்குத் தெரியும்ட்டி. பொண்ணு பார்க்க வந்தப்போ இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்" என்றாள். அன்று அவள் சிரித்தது அப்போதுதான் முதல் தடவை. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி இதற்காகச் செதுக்கியிருக்க மாட்டார்தான்.

கடைசியாகக் கடற்கரைக் கோயில். வெயில் தாழ்ந்து, காற்று நன்றாக வீசியது. கோயிலைச் சுற்றிவிட்டு மதில் பக்கம் திரும்பினோம். "ஏ பிள்ள... நீயா!"

தோழியின் கை என் கையை இறுக்கியது. அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் அத்தை. நிச்சயதார்த்தத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து, தட்டு மாற்றும்போது குலவை போட்டவர். 600 கிலோமீட்டர் தாண்டி வந்து, இவரிடமா மாட்ட வேண்டும்?

ஆனால், அத்தையின் முகத்தைப் பார்த்தால் மாட்டிக்கொண்டது அவர்தான்!

"பிள்ள, என்னைய இங்க பார்த்தேன்னு ஊர்ல சொல்லிராத" என்று கிசுகிசுத்தார். முட்டிவலி, எங்கும் அலையக் கூடாது என்பது மகனின் உத்தரவாம். செங்கல்பட்டில் தங்கை வீட்டில் படுத்து ஓய்வெடுப்பதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். 2019-ல் மோடியும் சீன அதிபரும் இங்கே நடந்ததை டி.வி-யில் பார்த்த நாளிலிருந்து ஆசையாம். "அம்புட்டு தூரத்துல இருந்து அவரு வந்து பார்த்துட்டாரு, நான் பார்க்கக் கூடாதா?"

பையிலிருந்து முறுக்கை எடுத்து இரண்டு பேர் கையிலும் திணித்தார். "நீ என்னப் பார்க்கல. நானும் உன்னப் பார்க்கல. சரியா?"

கல்யாணம் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும் தோழியின் கன்னத்தைத் தட்டி, "அந்தப் பட்டியலை நானும் கேள்விப்பட்டேன். நல்ல வேலை செஞ்ச" என்றார். அந்த நேரத்துக்குச் சிவப்புத் தொப்பிப் பையனும் வந்து சேர்ந்தான். அவன் அப்பாவே எங்கள் மூவரையும் கோயில் பின்னணியில் படம் எடுத்துக் கொடுத்தார். "உலகம் ரொம்பச் சின்னதுங்க!" அத்தை பதறி, "சும்மா இருங்க தம்பி" என்றார்.

இதை எழுத இருவரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன், அத்தையைப் பற்றிய சில அடையாளங்களையும் மாற்றிவிட்டேன். ஆகவே, திருநெல்வேலி மகன்களே, அம்மாவை விசாரிக்க வேண்டாம்.

போன வாரம் தோழி பேசினாள். இப்போது பால் வாங்கப் போகும்போது, திண்ணையில் இருக்கும் அத்தையிடம் தெருவே கேட்கும்படி இவள்தான் முதலில் விசாரிக்கிறாளாம், "முட்டிவலி தேவலையா அத்தை?"

"எங்க பிள்ள... எந்திரிக்கவே முடியல!"