அறிந்த கண்ணுக்கே அடையாளம்

எழுத்தைக் கற்பிக்க நம் முன்னோர் படத்தைத் துணைக்கு அழைத்தனர். அணிலையும் ஆட்டையும் இலையையும் ஈயையும் கண்டு களித்த பின்னரே, அவற்றின் அருகே நின்ற கோடுகள் நமக்கு எழுத்துகள் ஆயின. எழுத்து கைவந்ததும் படத்தை மறந்துவிடுகிறோம். ஏறிய பின் ஏணி எதற்கு என்னும் எண்ணம்! ஆனால், எழுத்தே ஒருவரைக் கைவிட்டுவிட்டால், அந்தப் பழைய ஏணிதான் மீண்டும் துணை நிற்கின்றது. இதை நான் என் அத்தையிடம் கற்றேன்.

அத்தை தொடக்கப் பள்ளி ஆசிரியை. 36 ஆண்டுகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பின், மூளையின் பின்பகுதிக்குச் செல்லும் இரத்தக் குழாய் ஒன்று அவருக்கு அடைபட்டது. கை கால்கள் விழவில்லை. பேச்சும் நினைவும் தெளிவாகவே இருந்தன. மறுவாரம் நாளிதழைக் கையில் எடுத்தவர், "இது எந்த மொழி, தம்பி?" என்று கேட்டார். அது தமிழ் நாளிதழ்தான். வலப்புறப் பார்வையும் அவருக்கு மறைந்திருந்தது.

வியப்பு என்னவெனில், அவரால் எழுத முடிந்தது. சொல்லச் சொல்லப் பிழையின்றி எழுதுவார். அதே தாளைச் சற்று நேரம் கழித்து நீட்டினால், தாம் எழுதியதைத் தாமே வாசிக்க இயலாமல் திகைப்பார். எழுதும் ஆற்றல் இருக்க, வாசிக்கும் ஆற்றல் மட்டும் அற்றுப்போகும் இந்நிலையை, பாரிஸ் நகரில் பணியாற்றிய ஜூல் டெஜரின் என்னும் நரம்பியல் மருத்துவர் 1892-ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார். கண் கண்டதை மொழியிடம் கொண்டு சேர்க்கும் பாதை அறுந்துபோவதே காரணம். ஆயினும் மரத்தை மரமென்றும், முகத்தை முகமென்றும் அத்தை நொடியில் அறிவார். எழுத்து போயிற்று, உருவம் எஞ்சியிருந்தது.

அயல்நாட்டில் வாழும் மகனோடு முகம் பார்த்துப் பேசவும், வானொலி கேட்கவும், வரும் மடல்களைக் குரல்வழி அறியவும் அவருக்குக் கணினி வேண்டியிருந்தது. வீட்டில் லினக்ஸ் இயங்கும் கணினி ஒன்று உண்டு. திரையில்தான் எழுத்தோடு படமும் இருக்கிறதே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதவில்லை. அதன் காரணத்தை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

திரையில் நாம் சொடுக்கும் சிறு படத்தை 'ஐகான்' என்கிறோம். உருவம், சாயல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அது. இச்சொல்லை 1975-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திற்கு அளித்த தம் ஆய்வேட்டில் கணினி உலகிற்குக் கொண்டு வந்தவர் டேவிட் கான்ஃபீல்ட் ஸ்மித். 1981-இல் வெளிவந்த 'ஜெராக்ஸ் ஸ்டார்' கணினியின் திரையில் தாளும் கோப்புறையும் அஞ்சல் தட்டும் படங்களாக அமர்ந்தன. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் கணினிக்குச் சூசன் கேர் என்னும் ஓவியர், பக்கத்திற்கு 32 கட்டங்கள் கொண்ட சதுரத்தில், அதாவது 1,024 கட்டங்களுக்குள், ஒவ்வோர் உருவத்தையும் அடக்கினார். அமெரிக்க அலுவலகத்தின் மேசையை அறிந்தவர்கள் அந்த மேசையையே திரையில் வரைந்தார்கள். அதை அறிந்தவர்க்கு அது உடனே விளங்கிற்று.

அறியாதவர்க்கு? சேமிப்பதற்கு அடையாளமாக நெகிழ்வட்டின் படம் இன்றும் பல நிரல்களில் நிற்கிறது. அந்த வட்டைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகளுக்கு அது வெறும் சதுரம். பழக்கத்தால் பொருள் பெற்ற சதுரம். என் அத்தைக்கோ, திரையிலிருந்த படங்களில் பாதி அத்தகையவையே. விலங்கு ஒன்று இணையமாம். முக்கோணம் ஒன்று பாட்டாம். மற்றவர்கள் கீழே உள்ள பெயரை வாசித்துப் பழகிக்கொள்வார்கள். வாசிக்க இயலாதவருக்கு அந்தப் படங்களும் அயல்மொழி எழுத்துகளே ஆகின்றன.

லினக்ஸ் இதற்கு ஓர் எளிய வழியை வைத்திருக்கிறது. பொதுவாக ஒவ்வொரு நிரலுக்கும், 'டெஸ்க்டாப்' என்னும் பின்னொட்டுடன் ஒரு சிறு கோப்பு உண்டு. எவரும் திறந்து பார்க்கக்கூடிய வெறும் உரைதான் அது. 'நேம்' என்னும் வரியில் நிரலின் பெயர். 'எக்ஸெக்' என்னும் வரியில் இயக்க வேண்டிய கட்டளை. 'ஐகான்' என்னும் வரியில் படம். இக்கோப்புகள் கணினி முழுவதற்கும் பொதுவான ஓரிடத்தில் இருக்கின்றன. அவற்றைத் தொட வேண்டியதில்லை. வேண்டிய கோப்பின் படி ஒன்றை, பயனரின் சொந்தக் கோப்புறைக்குள், 'லோக்கல்', 'ஷேர்', 'அப்ளிகேஷன்ஸ்' என்று தொடரும் பாதையில் அதே பெயருடன் வைத்து, 'ஐகான்' வரியில் நாம் விரும்பும் படத்தின் முழு முகவரியை எழுதினால் போதும். பொதுக் கோப்பைவிடச் சொந்தக் கோப்பிற்கே முதலிடம் என்பது விதி. பெயரை மாற்றி வைத்தால் மட்டும் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

வழி தெரிந்தது, எந்தப் படத்தை வைப்பது? இதை அத்தையிடமே கேட்டேன். மடல்களுக்குத் தெருமுனையில் நிற்கும் தபால் பெட்டியைச் சொன்னார். வானொலிக்கு, மாமா வாங்கிய பழைய மர வானொலி. புகைப்படங்களுக்கு, அவர் அவற்றை நெடுங்காலம் பூட்டி வைத்திருந்த தகர டிரங்குப் பெட்டி. கணினியை அணைப்பதற்குத் தனியே ஒரு கோப்பு எழுதினேன். அதற்கு அரிக்கேன் விளக்கு. "திரியை இறக்கினால் உறக்கம்தானே" என்றார். மகனை அழைக்கும் நிரலுக்கு அவன் முகத்தையே வைக்கலாமா என்றேன். "முகம் வேண்டாம், தம்பி. கதவைத் திறந்தால் அவன் முகம்தானே! நம் வாசற்கதவைப் போடு" என்றார்.

ஐந்தையும் படம் பிடித்து, அவற்றின் மேல் 'இங்க்ஸ்கேப்' என்னும் வரைநிரலில் கோடு கோடாக வரைந்தேன். நிழற்படத்தை 48 புள்ளி அகலத்திற்குச் சுருக்கினால் பெட்டியும் கதவும் ஒரே கறையாகிவிடும். கோட்டோவியமோ பெருக்கினாலும் சுருக்கினாலும் வடிவம் குன்றாது. நிறங்களின் பெயர்களும் அவருக்குத் தடுமாறியமையால், நிறத்தை நம்பாது புறவடிவத்தை நம்பினோம். படங்கள் நிற்கும் பட்டையை, அவர் கண்ணுக்கு எட்டும் இடப்பக்கத்தில் நிறுத்தினேன்.

பெயர்கள் எஞ்சின. 'நேம்' என்பதை அடுத்துச் சதுர அடைப்பில் தமிழுக்குரிய 'டிஏ' என்னும் குறியிட்டு எழுதினால், தமிழ்ச் சூழலில் இயங்கும் கணினி அந்தத் தமிழ்ப் பெயரையே காட்டும். 'ஆர்கா' என்னும் திரைவாசிப்பான் சுட்டியின் கீழ் வரும் பெயரை உரக்கச் சொல்லவும் செய்யும். பெயர்களையும் அத்தையே எழுதித் தந்தார். தபால் பெட்டி, வாசற்கதவு, வானொலி, டிரங்குப் பெட்டி, விளக்கு என்று கரும்பலகைக்குரிய அதே உருண்டையான கையெழுத்து. எழுதி முடித்த தாளை அவரால் வாசிக்க முடியவில்லை. நான் அவற்றைக் கோப்புகளில் தட்டச்சு செய்தேன். சுட்டி தொட்டதும் இயந்திரக் குரல் 'வாசற்கதவு' என்றது. தாம் எழுதிய சொல் தம்மிடமே திரும்பி வந்ததைக் கேட்டு, அவர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

அவருக்கு வாசிப்பு திரும்பி வரவில்லை. ஆனால் இரவில் மகனை அழைக்க எவரையும் கூப்பிட வேண்டிய தேவை இப்போது இல்லை. அதே கணினியில் தன் பெயரில் நுழையும் பேத்திக்குப் பழைய படங்களே தோன்றுகின்றன. நிரல்கள் புதுப்பிக்கப்படும்போது பொதுக் கோப்புகள் மாறினாலும், சொந்தக் கோப்புறையிலுள்ள கதவும் விளக்கும் அப்படியே நிற்கின்றன. அந்தப் படியை நீக்கினால் பழைய படம் தானே திரும்பிவிடும். ஒருவர்க்கு இடமளிக்க மற்றவர்க்குரியதை அழிக்கத் தேவையில்லாத ஏற்பாடு இது. பொது வீட்டில் கிழவிக்கு ஒரு மூலை ஒதுக்குவதுபோல், அந்த விதியை எழுதியவர்கள் முன்பின் அறியாத ஒருவருக்கு இடம் விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

அந்த இடத்தை நிரப்புவதோ அருகில் இருப்பவர் வேலை. அடையாளம் படத்தில் இல்லை. அதைக் காண்பவர் வாழ்ந்த வாழ்க்கையில் இருக்கிறது. முதியோர் ஒருவர் கைப்பேசியோடோ கணினியோடோ திணறுவதைக் காணும்போது, 'இது இன்னது' என்று பத்தாம் முறை சொல்லிக் கொடுக்கிறோம். 'உங்களுக்கு இது என்னவாகத் தெரிகிறது?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.