அழித்துச் செய்யாத தங்கம்

உலகத்திலேயே ஜனத்தொகை அதிகமுள்ள இனம் இந்தியர்கள், அவர்களுக்கு அடுத்தபடி திரேசியர்கள் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். முதலிடத்தில் இருந்த நாம் இன்றைக்கும் முதலிடத்தில் இருக்கிறோம். இரண்டாம் இடத்துக்காரர்களின் மொழியைப் பேச இன்று ஒரு ஆள் கிடையாது.

இன்றைய பல்கேரியா, அதையொட்டிய வட கிரேக்கம், துருக்கியின் ஐரோப்பியப் பகுதி, இவையெல்லாம் அவர்கள் வாழ்ந்த நிலம். ரோமாபுரியைக் கலங்கடித்த ஸ்பார்ட்டகஸ் ஒரு திரேசியர். அப்படிப்பட்ட கூட்டம் தன் மொழியில் ஒரு புத்தகம்கூட விட்டுப் போகவில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களான கிரேக்கர்கள் எழுதியதும், மண்ணைத் தோண்டும்போது கிடைத்ததும்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று உங்களுக்கே தெரியும். இருந்தாலும் ஹெரோடோட்டஸ் சொல்லும் இரண்டு விஷயங்கள் என் மனதை விட்டுப் போகவில்லை. திரேசியரில் ஒரு பிரிவினர் குழந்தை பிறந்தால் சுற்றி உட்கார்ந்து, இது இனி என்னென்ன பாடுபடப் போகிறதோ என்று அழுவார்களாம். யாராவது இறந்தால், விட்டது தொல்லை என்று சந்தோஷமாக அடக்கம் செய்வார்களாம். இன்னொரு பிரிவில் கணவன் இறந்ததும், அவன் அதிகம் நேசித்தது யாரை என்று மனைவிகளுக்குள் போட்டி நடக்குமாம். ஜெயித்தவளை அவன் சமாதியிலேயே கொன்று கூடப் புதைப்பார்கள். தோற்றவர்களுக்கு அது பெருத்த அவமானமாம். படித்தபோது நம் நாட்டு சதி வழக்கம்தான் நினைவுக்கு வந்தது. இதற்குப் பெருமை என்று பெயர் வைத்தவர்கள் எல்லா தேசத்திலும் ஆண்கள்தான்.

மகளும் மாப்பிள்ளையும் சோஃபியாவில் வேலையாக இருப்பதால் இதையெல்லாம் நேரில் பார்க்க எங்களுக்கு வாய்த்தது. ஒரு சனிக்கிழமை பிளோவ்டிவ் நகரத்துக்குக் காரில் அழைத்துப் போனார்கள். அங்கிருக்கும் தொல்பொருள் மியூசியத்தில்தான் பனகியுரிஷ்டே புதையல் இருக்கிறது. அசல் பல சமயம் வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் போய்விடும், அப்போது நகலைத்தான் வைத்திருப்பார்கள். நாங்கள் போன அன்று அசல் இருந்தது.

ஒன்பது பாத்திரங்கள். எல்லாம் 23 காரட் தங்கம். மொத்தம் 6 கிலோ 164 கிராம். என் மனைவி என் காதருகே வந்து, "ஏங்க, எத்தனை பவுன் வரும்?" என்றாள். முப்பது வருஷம் வங்கியில், அதில் பாதி நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு அது மனக்கணக்கு. 770 பவுன். அந்தக் காலத்தில் எத்தனையோ கழுத்துச் சங்கிலிகளைத் தராசில் போட்டு மொத்த எடை, நிகர எடை என்று எழுதியிருக்கிறேன். தங்கத்தை எடையாக மட்டுமே பார்த்துப் பழகிய கண் என்னுடையது.

அதனால்தான் ஒரு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. அந்த ஒன்பதில் பெரிய தட்டு ஒன்று இருக்கிறது, 25 சென்டிமீட்டர் அகலம். நடுவில் ஒரு குமிழ், அதைச் சுற்றி ஓக் மரத்துக் கொட்டைகள் ஒரு வரிசை, அதற்கு வெளியே ஆப்பிரிக்க மனிதர்களின் முகங்கள் மூன்று வரிசை. வரிசைக்கு 24 முகங்கள், வெளியே வர வர பெரிதாகிக்கொண்டே போகும். அந்தத் தட்டில் அதன் எடையைப் பொறித்திருக்கிறார்கள். லாம்ப்சாகஸ் என்ற கிரேக்க நகரத்துத் தங்கக் காசில் நூறு காசு எடை. தட்டின் எடை 845 கிராம் சொச்சம். அப்படியானால் ஒரு காசு சுமார் எட்டரை கிராம். நம் பவுன் எட்டு கிராம். கிட்டத்தட்ட நம்ம கணக்குதான்! கி.மு. 300 வாக்கில் யாரோ ஒரு ஆள் தராசைப் பிடித்து இதை நிறுத்து எழுதியிருக்கிறான். அவனிடம் எனக்குத் தொழில் பாசம் வந்துவிட்டது.

மற்ற எட்டும் மது அருந்துவதற்கானவை. மான் தலை, ஆட்டுக்கடா தலை, பெண்களின் தலை என்று செய்திருக்கிறார்கள். மேலே ஊற்றினால் கீழே சின்னத் துவாரம் வழியாக ஒழுகும், விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். நிரப்பிய பிறகு மேசையில் வைக்க முடியாது. இவற்றில் ஒரு கூஜாவுக்குக் கைப்பிடியாகப் பாதி மனிதன் பாதி குதிரை உருவங்கள். அதன் அடியில் இரண்டு துவாரங்கள், ஒரே சமயத்தில் இரண்டு பேர் குடிக்கலாம். இருவர் உடன்படிக்கை செய்துகொண்டு குடிப்பதற்காக இருக்கலாம் என்கிறார்கள். ஒரே கூஜாவில் குடித்தால் ஒருவருக்கொருவர் விஷம் வைக்க முடியாது என்பது என் ஊகம்.

இது கிடைத்த கதைதான் முக்கியம். 1949 டிசம்பர் 8ஆம் தேதி, பனகியுரிஷ்டே ஊரில் ஓடு தயாரிக்கும் ஆலைக்காகக் களிமண் வெட்டிக்கொண்டிருந்த மூன்று அண்ணன் தம்பிகளின் கடப்பாரையில் தட்டுப்பட்டது. வளைந்த மஞ்சள் உருவங்களைப் பார்த்து, பித்தளை ஊதுகுழல், ஏதோ பேண்டு வாத்தியக்காரர்கள் போட்டுவிட்டுப் போனது என்று முதலில் நினைத்தார்களாம். கழுவிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. ஒப்படைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து நாலே வருஷம், கூலி வேலை, கையில் 770 பவுன். ஆளுக்கு 256 பவுன் என்று பிரித்துக்கொண்டு உருக்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

1924இல் வல்சித்ரான் கிராமத்தில் திராட்சைத் தோட்டம் தோண்டிய இரண்டு சகோதரர்களுக்கு இதைவிடப் பெரியது கிடைத்தது. 13 பொருள்கள், பன்னிரண்டரை கிலோ, மூவாயிரம் வருஷத்துக்கும் முந்தியவை. அதிலிருந்த பெரிய பாத்திரத்தில் கொஞ்ச நாள் பன்றிக்குத் தீனி வைத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. சிரிப்பு வருகிறது, ஆனால் பன்றிக்குத் தீனி வைத்தால் பாத்திரம் அப்படியேதான் இருக்கும். ஆசாரியிடம் போயிருந்தால்தான் ஆபத்து.

நம்மிடம் 'நகையை அழித்துச் செய்வது' என்று ஒரு பேச்சு உண்டு. வேறு எந்தப் பொருளுக்கும் அவ்வளவு சாதாரணமாக 'அழித்து' என்று சொல்ல மாட்டோம். தங்கத்தின் குணமே அதுதான். மண் சட்டி உடைந்தால் ஓட்டாஞ்சில்லாகக் கிடக்கும், ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்கு அது போதும். தங்கம் உடைவதில்லை, உருகி வேறு ஒன்றாகிவிடும். ஆகவே இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பழந்தங்கம் எதுவானாலும், பிணத்தோடு புதைத்ததாக இருக்கும், அல்லது யாரோ பயந்துபோய் ஒளித்துவைத்துவிட்டுத் திரும்பி வராததாக இருக்கும். வந்திருந்தால் அழித்துச் செய்திருப்பார்கள்.

மியூசியம் வாசலில் காப்பி குடிக்கும்போது மகள் இதே பேச்சைத்தான் எடுத்தாள். ஊரில் எங்கள் லாக்கரில் என் அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பாம்படம் ஒரு ஜோடி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சிமார் காது தோள்வரை தொங்க அணிந்தது. "யாரும் போடப்போறதில்லைப்பா. பேத்திக்கு ஒரு சங்கிலியாவது ஆகும்ல?" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. உள்ளே அரக்கு நிரப்பியது, உருக்கினால் எடையில் பெரும்பகுதி அரக்காகப் போய்விடும், அதிகம் தேறாது என்று கவுண்டர்க்காரன் மாதிரி பதில் சொன்னேன். அது உண்மையும்கூட. ஆனால் நான் சொல்ல நினைத்தது வேறு. எங்கள் தெருவில் ஒரு காலத்தில் எல்லா வீட்டு ஆச்சிக்கும் பாம்படம் இருந்தது. இன்று அந்தத் தெருவில் மிச்சமிருப்பது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். மாப்பிள்ளை எதுவும் பேசாமல் பில் கொடுக்கப் போய்விட்டார். கெட்டிக்காரர். பாம்படம் இன்னும் லாக்கரில்தான் இருக்கிறது.

திரேசிய ராஜாக்களுக்கு இவ்வளவு தங்கம் எப்படி வந்தது? துசிடிடஸ் என்ற கிரேக்க ஆசிரியர் சொல்கிறார்: பாரசீக அரசர்கள் கொடுப்பதைப் பெருமையாக நினைப்பார்கள், திரேசியர்கள் வாங்குவதை. அன்பளிப்பு இல்லாமல் அங்கே ஒரு காரியமும் நடக்காதாம். பொன்னும் வெள்ளியுமாக வரி மட்டும் வருஷத்துக்கு 400 தாலந்து, அன்பளிப்பு அதற்குக் குறையாமல் தனியாக. நானும் அரசு அலுவலகங்களுக்கு அலைந்தவன்தான், அதனால் இதைப் படித்து ஆச்சரியப்படவில்லை.

அந்த அன்பளிப்புக்கு அத்தாட்சி போல ஒன்று பிறகு கிடைத்தது. 1985இல் ரோகோசென் கிராமத்தில் ஒருவர் தன் தோட்டத்தில் வாய்க்கால் வெட்டும்போது 65 வெள்ளிப் பாத்திரங்கள் வந்தன. அடுத்த ஜனவரியில் பக்கத்திலேயே தோண்டியபோது இன்னும் 100. சிலவற்றின் மேல் கோட்டிஸ் என்ற ராஜாவின் பெயரும் ஓர் ஊரின் பெயரும் வெட்டியிருக்கிறது. அந்தந்த ஊர் ராஜாவுக்குக் கொடுத்த காணிக்கை என்று கருதுகிறார்கள். நம் வீட்டுக் கல்யாண எவர்சில்வர் குடத்தில் 'அன்பளிப்பு' என்று போட்டு மாமா பெயரும் ஊரும் வெட்டியிருக்குமே, அதே சங்கதி.

சொந்த மொழியில் எழுதி அவர்கள் விட்டுப்போன கொஞ்சத்தில் ஒன்றும் ஒரு நகையில் இருக்கிறது. 1912இல் எசெரோவோ கிராமத்துச் சமாதி மேடு ஒன்றில் ஒரு தங்க மோதிரம் கிடைத்தது. அதன் முகப்பில் 61 கிரேக்க எழுத்துகள், எட்டு வரிகள். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது. கிரேக்க எழுத்து தெரிந்த எவரும் அதை உரக்க வாசித்துவிடலாம். ஆனால் பாஷை திரேசிய பாஷை. அர்த்தம் தெரியாது. சிந்துவெளி முத்திரைகளில் எழுத்தே படிக்க முடியவில்லை என்று நாம் வருத்தப்படுகிறோம். இங்கே படிக்க முடிகிறது, புரியவில்லை.

அதன் படத்தை மகள் போனில் காட்டியபோது என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "பேராத்தான் இருக்கும். யாரு யாருக்குச் செஞ்சு போட்டாங்கன்னு வெட்டியிருப்பாங்க" என்றாள். ஆய்வாளர்களிலும் பலர் முதல் 11 எழுத்துகளை ரோலிஸ்டெனெயாஸ் என்ற ஆள் பெயராகத்தான் வாசிக்கிறார்கள். மீதி 50 எழுத்துக்கு நூறு வருஷமாக ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.